பொல்டிங்கின் கூடம்

சவப்பெட்டி படிக்கட்டின் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. முன்னால் பிடித்தவர்கள் சுவரோடு ஒட்டி மூச்சு வாங்கினார்கள். பின்னால் பிடித்தவர்கள் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தார்கள், பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தார்கள். எதுவும் நடக்கவில்லை. "சுவத்துல படக் கூடாது! சுவத்துல படக் கூடாது!" என்று கீழே நின்ற சேப்பா அக்கா கத்திக்கொண்டே இருந்தாள். பெட்டி வீட்டில் எங்காவது இடித்தால் அடுத்த சாவும் அதே வீட்டில்தான் விழும் என்று மணிலாவுக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கிற எங்கள் ஹகோனாய் ஊரில் எல்லோருக்கும் பயம். அந்த வீட்டில் இனி மிச்சம் இருக்கிறவள் நான் ஒருத்திதான். பக்கத்து வீட்டுக்காரி இவள் எதற்கு இப்படித் தொண்டை கிழியக் கத்துகிறாள் என்று எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

பெட்டிக்குள் இருந்தவன் என் புருஷன் பொல்டிங். படியின் உச்சியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவள் அவன் தங்கை பெனில்டா. இந்த வீட்டை வரைந்து கட்டியவள் அவள்தான்.

"எறக்குங்கப்பா, எறக்குங்க," என்றார் டசியோ அண்ணன். பொல்டிங்கோடு பல வருஷம் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு வந்தவரும் அவர்தான். பெட்டி பின்னோக்கியே இறங்கி, வீட்டுக்கு அடியில் இரண்டு பெஞ்சுகளின் மேல் உட்கார்ந்தது. தூண்களுக்கு நடுவே சும்மா விட்டிருக்கிற அந்த இடத்துக்கு சிலோங் என்று பெயர். வலை, படகுத் துடுப்பு, காலி எண்ணெய் டின் எல்லாம் கிடக்கிற இடம். கடல் ஏறும் நாட்களில் தண்ணீர் வந்து நிற்கிற இடம். அங்கே கிடந்தான் என் புருஷன்.

எங்கள் பழைய வீடு தண்ணீரில் போன கதையை எங்கள் ஊரில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், அவர்கள் வீடும் அப்படித்தான் போயிருக்கும். கடல் ஏற ஏற, தரைக்கு மண் கொட்டி உயர்த்துவோம். தரை உயரும், கூரை உயராது. பொல்டிங் நல்ல உயரம். விடுமுறையில் வந்தால் சொந்த வீட்டுக்குள் கூனிக்கொண்டு நடப்பான், நிலைப்படியில் தினம் ஒரு தடவை இடித்துக்கொள்வான். கடைசியாகக் கப்பலுக்குக் கிளம்பும்போது நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னான்: "ரெமி, அடுத்த தடவை நான் வர்றப்போ நிமிந்து நடக்கிற வீடா இருக்கணும்."

பெனில்டா மணிலாவில் கட்டிடக் கலைஞர். பழைய வீடுகள் என்றால் பைத்தியம். எங்களுக்குக் குழந்தை இல்லை, அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீடுதான் அவளுக்குக் கிடைத்த முதல் பிள்ளை. முதல் நாள் படத்தை விரித்ததும் நான் கேட்டேன், "நாங்க சிமெண்ட் வீடு கேட்டா நீ கோழிக்கூட்டைக் கொண்டு வந்து காட்டுறியே?"

"சிரிங்க அண்ணி, சிரிங்க," என்றாள். "தண்ணியோட மல்லுக்கு நின்னு யாரு ஜெயிச்சிருக்கா? நம்ம பாட்டன் பூட்டன்லாம் அதை அடியில போக விட்டுட்டு மேல ஜம்முனு உக்காந்திருந்தாங்க. நாமதான் செங்கல்லை வெச்சு தடுக்கிறேன் தடுக்கிறேன்னு உள்ள உக்காந்து முங்கறோம்."

தூண்கள் கான்கிரீட். மேலே மரம். மழை உள்ளே வராதபடி அகலமாக இறங்கிய கூரை, கண்ணாடிக்குப் பதில் மெல்லிய சிப்பித் தகடு பதித்து வெயிலை வடிகட்டி விடும் ஜன்னல்கள், அவற்றுக்கு அடியில் தரையோடு ஒட்டிய குட்டி ஜன்னல்கள். கூடத்தின் நடுவில் மட்டும் பலகை இல்லை, மூங்கில் பட்டைகளை இடைவெளி விட்டுப் பரப்பியிருந்தாள். சிலோங்கில் தவழ்கிற காற்று அந்த இடுக்கு வழியாக மேலே வரும். குளிர்சாதனப் பெட்டி தேவைப்படாது என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. கட்டி முடித்து முதல் மத்தியானம் அங்கே உட்கார்ந்தபோது கீழேயிருந்து குப்பென்று வந்த காற்றில் என் பாவாடை ஆடியது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

சண்டை வந்தது படிக்கட்டில்தான். பழைய கல்வீடுகளில் இருப்பது மாதிரி, வாசலிலிருந்து நேராக ஏறும் அகலப் படியை அவள் வரைந்திருந்தாள். பொல்டிங் கப்பலிலிருந்து வீடியோவில் அதைப் பார்த்ததும் கோபத்தில் துள்ளிக் குதித்தான்.

"வாசலுக்கு நேரா படி வெச்சா வீட்டுல உள்ள அதிர்ஷ்டம் பூரா உருண்டு வெளிய போயிரும். திருப்பு அதை."

"அண்ணே, இந்த எடத்துல திருப்பினா படி ஒடுங்கிப் போகும்."

"ஒடுங்கட்டும். நான் ஒருத்தன்தானே ஏறப்போறேன், யானையா ஏறுது? பக்கத்துல ஜீப் நிறுத்த எடம் விட்டுரு."

"படிச்சவன் பேசுற பேச்சா இது?"

"நடுக்கடல்ல எஞ்சின் ரூம்ல நின்னு பாரு, நீயும் எல்லாத்தையும் நம்புவ."

பெனில்டா போனை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் அண்ணனோடு பேசவில்லை. பிறகு படியைத் திருப்பினாள்.

எஞ்சின் ரூமில் அவனுக்கு வெக்கைதான் வாழ்க்கை. வேலை முடிந்து கூப்பிடும்போதெல்லாம் முகம் வேகவைத்த நண்டு மாதிரி இருக்கும். வீட்டில் அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "கூடத்துல அந்த மூங்கில் இருக்கில்ல, அதுல நாற்காலி கட்டில் ஒண்ணும் போடாதே. வந்ததும் துண்டை விரிச்சு அப்படியே படுத்துருவேன். கீழேருந்து காத்து வரும்ல? யாரும் எழுப்பக் கூடாது. நீயும்தான்." எத்தனை தடவை சொன்னானோ. அந்த இடத்தில் நான் ஒரு முக்காலிகூடப் போடவில்லை. ஊர்த் திருவிழாவுக்கு வருவதாக இருந்தான். அதற்கு முன்பே, எஞ்சின் ரூமிலேயே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான்.

இந்த வீட்டில் அவன் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. அதனால்தான் சிலோங்கில் பெட்டியைச் சுற்றி நின்று ஆளாளுக்கு யோசனை சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்தது.

"அடக்கம் வரைக்கும் கூடைப்பந்து மைதானத்துல வெச்சிரலாம் ரெமி," என்றாள் சேப்பா அக்கா. "கூரை இருக்கு, ஃபேன் இருக்கு. எல்லாரும் அங்கதானே வெக்கிறாங்க? என் வீட்டுக்காரரைக்கூட அங்கதான வெச்சோம்."

"உங்க வீட்டுக்காரரு கூடைப்பந்து ஆடுனாரு, அங்க வெச்சீங்க. எம் புருஷன் வீடு கட்டினான்."

"வியாழக்கிழமை பெரிய ஏத்தம்டி. இங்கயே வெச்சிருந்தா பெட்டிக்குள்ள தண்ணி போகும்."

"அதான் மேல கொண்டு போகணும்ங்கிறேன்."

ஜன்னல் வழியாக ஏற்றலாமா என்று பார்த்தார்கள். கூடத்து ஜன்னல்கள் எல்லாம் ஓடைப் பக்கம். அங்கே சாரம் கட்டக் கால் ஊன்ற இடமில்லை, முழங்கால் சேறு. சவ ஊர்தியோடு வந்த பையன் ஒருவன், நல்லவன்தான், வாயைத் திறந்து கெடுத்துக்கொண்டான். "அக்கா, பெட்டியை நிமித்தி செங்குத்தா வெச்சா திருப்பத்துல போயிரும்."

"நிமித்துவியா? அலமாரியாடா அது? உள்ள எம் புருஷன் இருக்கான்டா! கீழ சரிஞ்சு குவிஞ்சு கிடந்தா பெட்டி மூடிக் கண்ணாடி வழியா நான் எதைப் பாக்கிறது?"

அவன் வண்டிப் பக்கம் போய்விட்டான். எல்லோரும் கொஞ்சம் விலகி நின்றார்கள். துக்க வீட்டில் கத்துகிறவளோடு யாரும் வாதாட மாட்டார்கள், அது ஒரு வசதி. ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவர்கள் சொல்வதுதான் நடக்கப்போகிறது, இவன் கூடத்தைப் பார்க்காமலே போகப்போகிறான் என்று தோன்றியது. பெனில்டாவைத் தேடினேன். பெட்டிக்குப் பக்கத்தில் எண்ணெய் டின் ஒன்றின் மேல் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னாலதான்," என்றேன். நியாயமில்லை என்று தெரிந்தேதான் சொன்னேன். "படிச்ச படிப்புக்கு, மனுஷன்னா ஒரு நாள் சாவான்னு தெரியாதா? பிணம் போற வழி வெச்சு வீடு கட்டத் தெரியாதா?"

"நான் நேரா வெச்சேன் அண்ணி. அவந்தான் திருப்பச் சொன்னான்."

"அவன் சொன்னா? நீதானே பெரிய இவ?"

அவள் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்து வெளிச்சம் மூங்கில் இடுக்கு வழியாகக் கோடு கோடாக இறங்கி, பெட்டியின் கண்ணாடியில் விழுந்திருந்தது. அதன் கீழே பொல்டிங்கின் முகம். மெதுவாக எழுந்தாள்.

"அண்ணி, தரையைத் தெறந்துரலாம்."

"என்னது?"

"மூங்கில் பட்டை கழட்டிக் கழுவுற மாதிரிதான் போட்டிருக்கேன். அடியில ரெண்டு குறுக்குக் கட்டை அறுக்கணும். மேல உத்திரம் நல்ல மரம், தாங்கும். படி எதுக்கு? இங்கருந்து நேரா மேல தூக்கிரலாம். எங்கயும் இடிக்காது."

டசியோ அண்ணன் அண்ணாந்து பார்த்தார். உத்திரத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "கப்பல்ல சரக்கு ஏத்துற மாதிரி," என்று முணுமுணுத்தார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். படகுப் பட்டறையிலிருந்து சங்கிலிக் கப்பி கொண்டுவர ஆள் அனுப்பினார்.

கட்டையை அறுக்கத் தச்சர் ஒருவர் ரம்பத்தோடு மேலே போனார். பெனில்டா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நான் போட்டது. நானே அறுக்கிறேன்." ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அறுத்தாள். ரம்பம் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே அவள் விசும்புவதும் கேட்டது. கட்டையை அறுத்த வீடு இனிமேல் என்றைக்கும் பழையபடி உறுதியாக இருக்காது என்று பின்னால் சொன்னாள். அப்போது சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டேன்.

பெட்டிக்கு அடியில் கயிற்றுப் பட்டைகளைக் கொடுத்துக் கட்டினார்கள். டசியோ அண்ணனும் இன்னும் இரண்டு பழைய கப்பல்காரர்களும் சங்கிலியை இழுத்தார்கள். நான் மேலே ஓடிப்போய் ஓட்டையின் ஓரத்தில் நின்றேன். சங்கிலி கடகடவென்று உருண்டது. இருட்டுக்குள் முதலில் பூ வளையம் தெரிந்தது. பிறகு கண்ணாடி. பிறகு என் பொல்டிங்கின் நெற்றி. எதிலும் படாமல், நிமிராமல் சாயாமல், படுத்தபடியே, கூடத்துக்கு நடுவில் ஏறி வந்தான். யாரோ கை தட்டிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகவே சிரித்தேன்.

"வந்துட்டியா," என்றேன். "பெரிய துரை, படியில ஏற மாட்டியோ?"

ஓட்டையின் மேல் பலகைகளைத் தள்ளி, அதன் மேல் பெட்டியை உட்கார வைத்தார்கள். பலகைகளுக்கு இடையில் இடம் விடச் சொன்னாள் பெனில்டா. "காத்து வரணும்," என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் மேலெல்லாம் மரத்தூள்.

அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இருந்தேன். ஊரே ஒடுக்கமான படியில் வரிசையாக ஏறி வந்தது. ஜெபமாலை சொன்னார்கள், காப்பி குடித்தார்கள், தர்பூசணி விதை கொறித்தார்கள், மூலையில் சீட்டு ஆடினார்கள். "பொட்டுத் தண்ணி உள்ள வராதாமே!" என்று தூணைத் தட்டிப் பார்த்தார்கள். பிணத்தைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் வீட்டைப் பார்க்க வந்தவர்கள். எனக்குக் கோபமே வரவில்லை. பொல்டிங்குக்கு இது பிடித்திருக்கும், வீட்டைக் காட்டிப் பீற்றிக்கொள்ள அவனுக்கு வேறு நாள் ஏது? மத்தியானம் கூட்டம் குறைந்ததும் பெட்டிக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுப்பேன். கீழேயிருந்து காற்று வரும். அவன் கேட்டபடி அவனை யாரும் எழுப்பவில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்பேன். நன்றாகத் தூங்கினேன் நான்.

வியாழக்கிழமை காலையில் கடல் ஏறியது. அடக்கம் அன்றைக்குத்தான். கோவிலில் நேரம் குறித்தாகிவிட்டது, தெருவில் தொடை அளவு தண்ணீர், அதனால் படகில்தான் கொண்டுபோக வேண்டும். எங்கள் ஊரில் அது புதுசில்லை. படகைத் தூண்களுக்கு நடுவே தள்ளிக்கொண்டு வந்து, சரியாகக் கூடத்துக்கு அடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார்கள். நான் வெள்ளைச் சட்டை போட்டு, தலைமுடியைக் கட்டி, தயாராக நின்றேன். கோவிலில் என்ன பாட்டு, யார் எங்கே உட்காருவது, எல்லாம் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சங்கிலியை மாட்டிப் பெட்டியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். பலகைகளை ஒவ்வொன்றாக உருவினார்கள். கடைசிப் பலகையும் போனதும் என் காலடியில் நீளமாக ஒரு குழி இருந்தது. அதன் அடியில் கறுப்பாகத் தண்ணீர்.

டசியோ அண்ணன் சங்கிலியை மறுபக்கம் இழுத்தார். பெட்டி இறங்கத் தொடங்கியது.

"நிறுத்துங்க!"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டி தரை மட்டத்தில் ஆடிக்கொண்டு நின்றது. எங்கள் ஊரில் யாரையும் மண்ணுக்குள் இறக்குவதில்லை. தோண்டினால் தண்ணீர்தான் வரும். கல்லறையில் சுவர் மாதிரி கட்டிய அறைகள். பெட்டியை உள்ளே தள்ளி, வாயை அடைத்துப் பூசிவிடுவார்கள். கண்ணெதிரே ஒரு மனுஷன் கீழே இறங்குவதை நான் சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன். ஏற்ற வேண்டும், ஏற்ற வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேனே, ஏற்றினால் இறக்கவும் வேண்டும் என்று இத்தனை நாளில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

பெனில்டா என் பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணி, நான் மேல கொண்டு வர்றதை மட்டுந்தான் யோசிச்சேன்."

"நானும்தான்டி."

"வேற வழி இல்ல அண்ணி. படியில..."

"தெரியும். படியைப் பத்தி பேசாதே."

கீழேயிருந்து படகுக்காரன் குரல் கொடுத்தான். "அண்ணே, ஏத்தம் முடிஞ்சு வடிய ஆரம்பிச்சிருச்சு. இன்னும் கொஞ்சம் போனா படகு தரை தட்டும்."

டசியோ அண்ணன் சங்கிலியை விடாமல் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீ சொன்னாத்தான் எறக்குவேன். நீ சொல்லணும்."

அதை ஏன் என்னிடம் கேட்டார்? வேறு யாராவது சொல்லியிருக்கலாம். கல்லறை என்றால் பாதிரியார் சொல்வார், கொத்தனார் செய்வார், பொண்டாட்டி அழுதால் மட்டும் போதும். இங்கே வீடு என்னுடையது, கூடம் என்னுடையது, வாய் திறக்க வேண்டியவளும் நானே. கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தேன். சிப்பி ஜன்னல் வெளிச்சம் அவன் முகத்தில் இருந்தது.

"எறக்குங்க," என்றேன்.

சங்கிலி உருண்டது. வெளிச்சம் முதலில் அவன் நெற்றியை விட்டுப் போனது, பிறகு முகத்தை. பூ வளையம் தரைக்குக் கீழே போனது. சேப்பா அக்கா கையில் வைத்திருந்த வெள்ளைப் பூவை, என்ன நினைத்தாளோ, சினிமாவில் பார்த்த ஞாபகமோ, அந்தக் குழிக்குள் போட்டாள். அதைப் பார்த்து அடுத்தவள் போட்டாள். பிறகு கூடத்தில் நின்ற எல்லோரும் ஒவ்வொருவராக வந்து, குனிந்து, குழிக்குள் பூவைப் போட்டார்கள். பெனில்டா போட்டாள். கடைசியில் நானும் போட்டேன். கீழே பெட்டி படகில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. அப்போதுதான் நான் அலறினேன். ஓட்டைக்குள் விழப்போனவளைப் பெனில்டா இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். என் குரல் தெருக்கோடி வரை கேட்டதாம்.

கல்லறையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பாதிரியார் தண்ணீர் தெளித்தார். பெட்டியை அறைக்குள் தள்ளினார்கள். கொத்தனார் சிமெண்டைக் குழைத்துக் கல் வைத்துப் பூசினார். எல்லோரும் அழுதார்கள். நான் சிமெண்ட் காய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

சேப்பா அக்கா என் தோளைப் பிடித்துக் காதருகே சொன்னாள். "அழுதுரு ரெமி. இப்ப அழலேன்னா அப்புறம் நெஞ்சுலயே தங்கிரும். புருஷனைப் புதைக்கிற நேரம்டி இது."

"இல்லக்கா," என்றேன். "அவனை வீட்டுலயே புதைச்சிட்டுத்தான் வந்தேன்."